அந்த 12 வால்வு என்ஜினை எடுக்கலாமா?

அன்பு மகளுக்கு,

நீ வாங்க நினைக்கிற பழைய வண்டியின் என்ஜின் என்று அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். என்ஜினின் மேல் பாகமான ஹெட் மேல் ஆறு சின்ன வால்வு கவர்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஆகவே அது கம்மின்ஸ் கம்பெனியின் 6பிடி டீசல் என்ஜின்தான்: 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர், 12 வால்வு. பக்கத்தில் ஆறு டீசல் பைப்பும் ஒரே வரிசையில் கிளம்பும் நீளமான பம்ப் இருப்பதால், பாஷ் கம்பெனியின் பி7100 டீசல் பம்ப் வைத்தது. பாடி, பிரேக், சேஸ் எல்லாம் என்னைவிட நீ நன்றாகப் பார்ப்பாய். நான் என்ஜினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

விற்கிறவர் திரும்பத் திரும்ப கிலோமீட்டரையே சொல்கிறார் என்று எழுதியிருந்தாய். அதை ஓரமாக வைத்துவிடு. குறைவாக ஓடி, ஆயில் மாற்றாமல் கிடந்த என்ஜினைவிட, நிறைய ஓடி ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளப்பட்டது எவ்வளவோ மேல். இந்த என்ஜினுக்கு என்னென்ன நோய் வரும் என்று ஊர் உலகத்துக்கே தெரியும். இதுவரை யார் கையில், எப்படி இருந்தது என்பதைத்தான் நீ கண்டுபிடிக்க வேண்டும்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த வரிசையை 1980களில் டிராக்டர் செய்யும் கேஸ் (Case) என்ற நிறுவனத்தோடு சேர்ந்து கம்மின்ஸ் கொண்டுவந்தது. டிராக்டர், ஜெனரேட்டர், படகு, லாரி என்று எல்லாவற்றிலும் நாள் முழுக்க லோடு இழுப்பதற்கென்றே செய்தது. பிளாக்கும் ஹெட்டும் வார்ப்பிரும்பு. கிராங்கைத் தாங்க ஏழு மெயின் பேரிங். டைமிங் முழுக்க கியரில் ஓடுகிறது, அறுந்துபோக பெல்ட்டோ செயினோ கிடையாது. டீசல் பம்ப் முழுக்க மெக்கானிக்கல். எலெக்ட்ரானிக் பெட்டி எதுவும் இல்லை. ஸ்டார்ட் ஆன பிறகு, பம்பை நிறுத்தும் சொலினாய்டு என்ற மின்காந்த உறுப்புக்குப் போகும் கரண்ட் மட்டும் இருந்தால் போதும். நடுவழியில் நின்றாலும் ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த எவரும் காரணத்தைத் தேடிப் பிடித்துவிடலாம். பாரம் ஏற்றிக்கொண்டு தனியாகப் போகிற உனக்கு இது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

சரி, குறைகளுக்கு வருவோம். எடை கிட்டத்தட்ட 500 கிலோ, சத்தமும் அதிகம். பிளாக்கின் பக்கத்தில் உள்ள டேப்பட் கவரிலும் கிராங்க் முன் சீலிலும் ஆயில் கசியும். டீசல் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸ் வெடித்தால் ஏர் எடுத்து, நிறுத்தி வைத்த வண்டி ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும். இவற்றுக்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லாதே, விலையில் கழித்துக்கொள்.

டவல் பின் சமாச்சாரம் வேறு. டைமிங் கியர் ஹவுசிங்கை பிளாக்கில் சரியான இடத்தில் உட்கார வைக்க ஒரு சின்ன இரும்புப் பின் அடித்திருப்பார்கள். வருடக்கணக்கில் அதிர்ந்து அதிர்ந்து அது மெல்ல வெளியே நகரும். கழன்று விழுந்து கியர்களுக்கு நடுவில் சிக்கினால் ஹவுசிங் உடையலாம், பல் போகலாம், டைமிங் கெட்டு வால்வும் பிஸ்டனும் மோதலாம். விழுகிற நாள் வரைக்கும் சத்தமோ கசிவோ எதுவும் காட்டாது. இதற்கு வைத்தியம் சின்ன வேலைதான். முன் கவரைக் கழற்றி, பக்கத்து போல்ட்டுக்கு அடியில் ஒரு தகடு வைத்து, பின் வெளியே வர முடியாதபடி மறித்துவிடுவார்கள். அது செய்திருக்கிறதா என்று நேராகக் கேள். செய்தவர் பில்லோ படமோ வைத்திருப்பார். கேள்வியே புரியாமல் விழித்தால் செய்யவில்லை என்று எடுத்துக்கொள்.

எனக்கு உண்மையில் கவலை தருவது சிலிண்டர். இந்த என்ஜினில் லைனர், அதாவது சிலிண்டருக்குள் தனியாகச் செருகிய குழாய், கிடையாது, பிளாக்கிலேயே துளைத்த சிலிண்டர். தேய்ந்துவிட்டால் லைனரை உருவிப் புதிது போட முடியாது. என்ஜினை இறக்கி, பிளாக்கில் உள்ள துளைகளை அகலமாகக் கடைந்து (ரீபோர்), ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அது வண்டி விலையையே புரட்டிப்போடுகிற செலவு. அதனால் உன் கவனம் முழுக்க பிஸ்டன் ரிங்கிலும் சிலிண்டரிலும் இருக்கட்டும்.

என்ஜின் ஆறியிருக்கும்போதே போ. போனதும் பேச்சுக்கு முன்னால் பிளாக்கில் கை வைத்துப் பார். சூடாக இருந்தால், உனக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடு. ஆறிய என்ஜின் செல்ஃப் அடித்ததும் சட்டென்று பிடிக்க வேண்டும். குளிரில் கொஞ்ச நேரம் வெள்ளைப் புகை வந்து மறைந்தால் பரவாயில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல், எரியாத டீசல் வாசனை அடித்தால் கம்ப்ரஷனோ, டீசல் தெளிக்கும் நாசிலோ சரியில்லை. நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது.

நன்றாகச் சூடானதும் ஐடிலில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்து, அதே வாயின் மேல் தலைகீழாகச் சும்மா வை. மூடி லேசாக ஆடலாம். அதைத் தூக்கி எறிகிற மாதிரி காற்று புசுபுசுவென்று வந்தால் பேக் கம்ப்ரஷன். ரிங்கைத் தாண்டி எரிந்த வாயு கீழே இறங்குகிறது என்று அர்த்தம். அப்போது ஒரு மெக்கானிக்கை வைத்து ஆறு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதே. டிப்ஸ்டிக்கையும் முகர்ந்து பார். ஆயில் அளவு கூடியிருந்து டீசல் வாசனை வந்தால் எங்கேயோ டீசல் ஆயிலில் கலக்கிறது, அது பேரிங்கைத் தின்றுவிடும்.

பம்பையும் கிட்டத்தில் பார். டீசல் அளவைக் கூட்டும் இடத்தில் சீல் உடைந்திருந்தாலோ, ஆக்சிலேட்டரை அழுத்தும்போதெல்லாம் பின்னால் கறுப்பாகக் கொட்டினாலோ, பவர் கூட்டி ஓட்டியிருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் அடைத்திருந்தாலும் கறுப்புப் புகை வரும் என்பதால் அதை முதலில் திறந்து பார்த்துவிடு. ஃபில்டர் சுத்தமாக இருந்தும் புகை கொட்டினால், ஏற்றத்தில் பாரத்தோடு பிஸ்டன் எவ்வளவு சூட்டைத் தாங்கியிருக்கும் என்று நமக்குச் சொல்ல ஆளில்லை. அப்படிப்பட்ட என்ஜினை நீ எடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை.

அப்புறம், இன்னொரு வண்டி, 1999 மாடல், இதே 5.9 கம்மின்ஸின் 24 வால்வு வகை, அதையும் கேட்டிருந்தாய். அதில் விபி44 என்ற எலெக்ட்ரானிக் பம்ப். டாங்கிலிருந்து டீசலைக் கொண்டுவரும் லிஃப்ட் பம்ப் பலவீனமாகி டீசல் சரியாக வராவிட்டால் அது சீக்கிரம் செத்துவிடும். அந்தக் காலத்து பிளாக் சிலவற்றில் பக்கவாட்டில் 53 என்று வார்த்திருக்கும், அவை தண்ணீர் ஓடும் சுவரில் விரிசல் விடும் என்று பெயர் வாங்கியவை. இரண்டும் ஒரே விலை என்றால் நான் பழைய 12 வால்வைத்தான் எடுப்பேன்.

ஆறிய நிலையில் சட்டென்று பிடித்து, மூடி இடத்தைவிட்டு அசையாமல் நின்று, ரேடியேட்டரில் ஆயில் படலம் இல்லையென்றால், கசிவைப் பற்றி யோசிக்காமல் வாங்கிவிடு. டவல் பின் வேலை செய்யாமல் இருந்தாலும் வாங்கலாம், ஆனால் முதல் லோடு ஏற்றுவதற்கு முன் அதை முடித்துவிட வேண்டும். மூடி வைத்துப் பார்ப்பதைச் சத்தத்தோடு வீடியோ எடுத்து எனக்கு அனுப்பு, பார்த்துவிட்டு உடனே கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா