மல்லிகையை விடு, மகள்

அன்புள்ள மகளுக்கு,

மூன்றாவது மல்லிகைக் கன்றும் பனியில் கருகிப் போனதென்று நீ சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. குறை நினைக்காதே. இங்கே கொழும்பில், வெள்ளவத்தையில், நாலாம் மாடி பல்கனியில், கடலின் உப்புக்காற்று முகத்தில் அடித்தும் என் சட்டி மல்லிகை பூக்கிறது. அதற்கு வேண்டியது வெயில். லண்டன் குளிரில் வெளியே நட்டால் அது என்ன செய்யும், பாவம்.

போன ஜனவரி உன்னிடம் வந்திருந்தபோது ஒரு காலை குப்பை வாளியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேனே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்து வீட்டு வாசலில் தேன் மாதிரி ஒரு வாசம். சுற்றிப் பார்த்தால் பூவைக் காணவில்லை. குனிந்து இலையை விலக்கினால், வெள்ளை நூல் துண்டுகளாய்ச் சின்னப் பூ. சார்கோகொக்கா என்றார் அந்த வீட்டு அம்மா. ஸ்வீட் பொக்ஸ் என்றும் சொல்வார்களாம். அதன் சொந்தக்காரச் செடி ஒன்று எங்கள் மலைநாட்டுக் காட்டிலும் இருக்கிறதென்று பிறகு படித்தேன். கேட்டவுடனே அப்பா, "அப்ப அதுவும் இங்கயிருந்து போனதுதான்" என்றார். அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வார்.

குளிரில் பூச்சி குறைவு. இருக்கிற ஒன்றிரண்டைக் கூப்பிடத்தான் அந்தத் துளிப் பூவுக்கு அவ்வளவு வாசம்.

நீ அதையே வாங்கு. பின் வளவின் மூலையில் நடாதே. ஜனவரியில் அங்கே யார் போகிறார்கள்? வாசற்படியோரம் நடு, சாவி தேடுகிற இடத்தில். நிழல் அதற்குப் பிரச்சினையில்லை. மெதுவாகத்தான் வளரும், அவசரப்படாதே. வெட்டுவதென்றால் பூத்து முடிந்த பிறகு வசந்தத்தில் வெட்டு. இலையுதிர் காலத்தில் அழகுக்காகக் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். கறுப்பாய்க் காய் வரும், பேரன் வாயில் போடாமல் பார்.

டஃப்னி என்ற குளிர்காலப் பூச்செடியையும் கேட்டாயே. வாசத்தில் அதுதான் ராணி. "ஜக்லின் போஸ்ட்டில்" என்ற வகையை எல்லாரும் புகழ்கிறார்கள். நேபாளத்தில் அந்த இனத்தின் பட்டையில் காகிதமே செய்கிறார்கள். ஆனால் செடி முழுக்க நஞ்சு, வேரை அசைத்தாலும் கோபித்துக்கொள்ளும். பேரன் பள்ளிக்கூடம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம். குளிரில் பூக்கிற இன்னொரு வாசச் செடி விண்டர்ஸ்வீட்; அது வேண்டுமென்றால் வெயில் படும் சுவரோரம் வை. விதையிலிருந்து என்றால் பூக்க 5 வருடத்துக்கு மேலும் ஆகும், வளர்ந்த கன்றாக வாங்கு. விட்ச் ஹேசலும் குளிரில் பூக்கும், ஆனால் அதற்குச் சுண்ணாம்பு மண் ஒத்துவராது. உன் மண் என்னவென்று பார்க்காமல் காசைக் கொட்டாதே.

சரி, இந்தக் குளிர்காலப் பூக்களில் மாலை கட்ட முடியாது, தலையிலும் வைக்க முடியாது. எனக்கும் அது மனக்குறைதான். ஒரு கிளை ஒடித்துக் கிளாஸ் தண்ணீரில் போட்டு சாமிப் படத்துக்கு முன்னால் வை. வீட்டுச் சூட்டில் அறை முழுக்க மணக்கும்.

அடுத்த முறை எனக்கு ஓகஸ்ட்டில் டிக்கெட் போடாதே. ஜனவரியில் போடு.

அன்புடன்
அம்மா