காலையில் கோயில், மதியத்தில் தோட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் பெங்களூரு சுற்றுலா பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. படங்கள் அருமை. அந்தப் பக்கத்தைக் கத்தரித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, எங்கள் பக்கத்து நிலத்துக்காரர் வாடகைக் கார் பிடித்துக் குடும்பத்தோடு போனார். அதில் எழுதியிருந்தபடியே காலையெல்லாம் லால்பாக் தோட்டம் சுற்றிவிட்டு, மதியம் 1 மணிக்குக் கவி கங்காதரேஸ்வரர் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். நடை சாத்தியிருந்தது. வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார்கள். கார் வாடகையை நினைத்து அவர் இன்னும் புலம்பிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் ராயக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கரில் சாமந்தியும் செண்டுமல்லியும் போடுகிறவன். 22 வருஷமாகப் பெங்களூரு சிட்டி மார்க்கெட்டுக்குப் பூ ஏற்றுகிறேன். ராத்திரி 12 மணிக்குப் பூவண்டி எங்கள் ஊர் முக்கில் வந்து நிற்கும். மூட்டைகளை ஏற்றி, அவற்றின் மேலேயே துண்டை விரித்துப் படுத்துவிடுவோம். 3 மணிக்கு மார்க்கெட். மண்டிக்காரர் மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி பூவை எடுத்து முகர்ந்து பார்ப்பார். "ஈரம்" என்பார். அந்த ஒரு சொல்லுக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் போய்விடும். மார்கழிப் பனியில் பறித்த பூ ஈரமாக இல்லாமல் வேறு எப்படி இருக்கும்? ஒரு தடவை கேட்டே விட்டேன். அன்றைக்கு 15 ரூபாய் குறைத்தார். அதற்கப்புறம் கேட்பதில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு, விடிவதற்குள் திரும்பும் வண்டியில் ஏறிவிடுவேன். லால்பாக் அங்கிருந்து மெட்ரோவில் இரண்டாவது நிறுத்தம். இந்த 22 வருஷத்தில் ஒரு நாள்கூட அதன் வாசலை மிதித்ததில்லை.

இந்த ஜனவரியில்தான் போனோம். பொங்கல் முடிந்தால் பூ விலை படுத்துவிடும், எங்களுக்கும் கொஞ்சம் ஓய்வு. குடியரசு தின மலர்க்காட்சி நடக்கிறது என்று பேத்தி பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து நச்சரித்தாள். என் வீட்டுக்காரிக்குத்தான் இஷ்டமில்லை. "பூவைப் பாக்கக் காசு குடுத்துப் போவாங்களா? கொல்லையில போயி நின்னா ஆச்சு" என்றாள். ஆனாலும் கிளம்பினாள்.

கார் எல்லாம் வேண்டாம், ஆசிரியர் அவர்களே. ஓசூர் வரைக்கும் ஒரு பஸ், அங்கிருந்து பெங்களூரு பஸ்ஸில் ஏறி பொம்மசந்திராவில் இறங்கிவிட வேண்டும். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் தட மெட்ரோ அங்கிருந்துதான் புறப்படுகிறது. முன்பெல்லாம் சில்க் போர்டு சிக்னலில் நின்று நின்றே பாதி உயிர் போகும். இப்போது அதே இடத்தில் கீழே வண்டிகள் நிற்பதை மேலிருந்து பார்த்துக்கொண்டே போகலாம். அதற்காகவே ஒரு தடவை ஏறலாம் என்பேன். ஆர்.வி. ரோட்டில் பச்சைத் தடத்துக்கு மாறினால் மூன்றாவது நிறுத்தம் லால்பாக், ஐந்தாவது சிட்டி மார்க்கெட். கே.ஆர். மார்க்கெட் என்று எழுதியிருக்கும்.

நாங்கள் முதலில் மார்க்கெட்டில் இறங்கினோம். உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் மார்க்கெட்டே இல்லை. பெங்களூரைப் பூங்கா நகரம் என்று எழுதிவிட்டு, அந்த ஊரின் பூ மொத்தமும் வந்து இறங்கும் இடத்தை விட்டுவிட்டால் எப்படி? காலை 8 மணிக்கும் கூட்டம் ஓயவில்லை. மாடியில் நின்று கீழே பார்த்தால் மஞ்சளும் சிவப்புமாகக் குவியல் குவியலாகக் கிடக்கிறது. நான் 22 வருஷம் அந்தக் குவியலுக்குள்ளேயே நின்றிருக்கிறேன், ஒரு நாளும் மேலே ஏறிப் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரி கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசாமல் நின்றாள். அப்புறம், "நம்ம மூட்டைய எங்க போடுவாங்க?" என்று கேட்டாள். காட்டினேன்.

அங்கிருந்து பொடிநடையாகப் போகும் தூரத்தில் திகளர்பேட்டை. தர்மராயசாமி கோயில் அங்கேதான் இருக்கிறது. இதுவும் உங்கள் பக்கத்தில் இல்லை. நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் திரௌபதை அம்மனுக்குப் பாரதம் படித்து, கூத்து ஆடி, துரியோதனன் படுகளம் போடாத வட்டாரம் உண்டா? அதே அம்மன்தான் அங்கே. கன்னடக்காரர்கள் கணக்கில் வரும் சைத்ர மாதப் பௌர்ணமி ராத்திரியில் (சில வருஷம் அது நம் சித்திரைக்கு முன்பே வந்துவிடும்) பூசாரி மஞ்சள் சேலை கட்டி, வளையல் போட்டு, மல்லிகையால் மூடிய கரகத்தைக் கையால் தொடாமல் தலையில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வருவார். கூடவே வீரகுமாரர்கள் கத்தியோடு ஓடிவருவார்கள். காட்டன்பேட்டை மஸ்தான் சாயபு தர்காவிலும் கரகம் நின்றுவிட்டுத்தான் போகும். அந்தப் பூசாரியும் வீரகுமாரர்களும் திகளர் குலத்தவர். தமிழ் வழி வந்தவர்கள் என்றுதான் சொல்வார்கள். கோயிலில் ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். அவர் பேச்சில் பாதி நமக்குப் புரிகிறது, பாதி கன்னடமும் தெலுங்குமாக ஓடுகிறது. பரம்பரையாகத் தோட்டவேலை செய்கிறவர்கள். லால்பாக்கில் மண்வெட்டி பிடித்தவர்களில் அவர்களுடைய பாட்டன் பூட்டன்மார் உண்டு.

லால்பாக்கை ஆங்கிலேயர் போட்ட பூங்கா என்று எழுதியிருந்தீர்கள். அது தப்பு. 1760-ல் ஹைதர் அலி தொடங்கியது, திப்பு பெருக்கியது. ஆங்கிலேயர் கைக்கு வந்தது பிற்பாடுதான். கண்ணாடி மாளிகை அவர்கள் காலத்தது, 1889. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை ஆகும்வரை பாராமகால் என்ற நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கமும் திப்புவிடம்தான் இருந்தது. அவர் அங்கே மரம் வைத்துக்கொண்டிருந்த நாளில் நாமும் அவருடைய குடிகள்தான்.

அடுத்து பசவனகுடி. பெரிய நந்தியைப் பற்றி நீங்களே விவரமாக எழுதியிருக்கிறீர்கள், நல்லது. அங்கே நடக்கும் கடலைக்காய்ப் பரிஷை என்கிற திருவிழாவை மட்டும் விட்டுவிட்டீர்கள். காட்டில் விளைந்த கடலையை ஒரு காளை ராத்திரியில் வந்து மேய்ந்ததாம். குடியானவர்கள் முதல் விளைச்சலை உனக்கே தருகிறோம் என்று வேண்டிக்கொண்டார்களாம். இன்றைக்கும் கன்னடக்காரர்கள் கணக்கில் வரும் கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கள்கிழமை தெரு முழுக்கக் கடலைதான். அவர்கள் கடலேகாயி என்பதும் நாம் கடலைக்காய் என்பதும் ஒன்றுதானே. எங்கள் ஊரிலிருந்தும் இரண்டு பேர் மூட்டை கட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வருகிறார்கள். மறுநாள் கூடக் கூட்டம் குறையாது, விலை மட்டும் குறைந்துவிடும் என்று அவர்களில் ஒருவர் சொன்னார்.

கவி கங்காதரேஸ்வரர் கோயிலுக்கு 11 மணிக்குள் போய்விட்டோம். குகைக்கோயில், குனிந்துதான் சுற்ற வேண்டும். வெளியே முற்றத்தில் கல்லாலான சூலம், உடுக்கை, சூரிய சந்திரர் என்று இரண்டு பெரிய வட்டங்கள். மகர சங்கராந்தி மாலையில் வெயில் வெளியேயுள்ள நந்தியின் கொம்புகளுக்கிடையே புகுந்து லிங்கத்தின் மேல் விழும். நாங்கள் போனது அது முடிந்த பத்து நாள் கழித்து. பரவாயில்லை, கதவு திறந்திருந்ததே.

கோயில்களை முடித்துக்கொண்டு 12 மணிக்கு மேல்தான் லால்பாக். தோட்டத்துக்கு மதிய நடை சாத்துவது கிடையாது. 240 ஏக்கர் மரநிழல். கட்டுச்சோற்றைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் அந்த ஊரில் கிடையாது. வேர்கள் சுவர்போல் எழும்பி நிற்கும் பெரிய இலவ மரம் ஒன்று இருக்கிறது. அதன் முன்னால் பேத்தியை நிறுத்திப் படம் எடுத்தோம், அவள் கடுகுபோல் தெரிகிறாள். அப்புறம் அந்தப் பாறை. 300 கோடி வருஷத்துப் பாறை என்று சொல்கிறார்கள். மேலே பெங்களூரை ஆண்ட கெம்பே கவுடா கட்டிய சின்னக் கோபுரம். நம் ராயக்கோட்டை மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஏறுவது பெரிதில்லை. ஆனால் மத்தியான வெயிலில் செருப்பில்லாமல் ஏறாதீர்கள்.

கண்ணாடி மாளிகைக்குள் ஒரே நெரிசல். பூவால் செய்த ஜோடனையைப் படம் பிடிக்க ஆளுக்கு ஆள் முட்டிக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரி அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஓரத்தில் தொட்டியில் இருந்த சாமந்தியின் முன்னால் நின்றுவிட்டாள். ஒவ்வொரு பூவும் சோற்றுத் தட்டு அகலம். காவலாளி பார்க்காத நேரமாக இலையை விலக்கித் தண்டைத் தடவிப் பார்த்தாள். "பக்கத்து மொட்டையெல்லாம் கிள்ளிட்டு, தண்டுக்கு ஒத்தப் பூ விட்டிருக்காங்க. இது எடைக்கு ஆவாது" என்றாள். கூட்டத்தில் அந்தப் பூவை அப்படிப் பார்த்தவர் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

செடி விற்கும் இடத்தில் ஒரு சேதி கேட்டேன். நாம் சௌசௌ என்றும் பெங்களூர் கத்திரிக்காய் என்றும் சொல்கிறோமே, அதை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து அந்த ஊரில் பரப்பியவர் லால்பாக்கின் அந்தக் காலத்து வெள்ளைக்காரக் கண்காணிப்பாளர் கேமரன்தானாம். ஆங்கிலேயர் பங்கு இல்லவே இல்லை என்று நானும் சொல்ல வரவில்லை. சந்தைக்கு ஒரு காயைத் தந்தவரை நான் மறக்க மாட்டேன்.

அடுத்த முறை இப்படிப் பக்கம் போடும்போது கோயில் நடை சாத்தும் நேரத்தைப் பெரிய எழுத்தில் போடுங்கள். பஸ்ஸிலும் மெட்ரோவிலும் போகிறவர்களையும் கணக்கில் வையுங்கள். நம் மாவட்டத்துக்காரர்கள் ஓட்டலில் அறை போட்டு இரண்டு நாள் தங்க வேண்டியதே இல்லை.

எங்களோடு பூ ஏற்றும் ஆட்களுக்கு ஒன்று. அந்தச் சைத்ரப் பௌர்ணமிக்கு மூட்டையோடு போகிறவர்கள் சீட்டை வாங்கியதும் வழக்கம்போல் வண்டியேறி விடாதீர்கள். கரகம் நள்ளிரவுக்கு மேல் புறப்பட்டு விடிகிறவரை சுற்றும், மார்க்கெட்டிலிருந்து நடந்துபோய்ப் பார்த்துவிடலாம். மல்லிகை மூட்டை இருந்தால் மட்டும் முதலில் இறக்கி விலை பேசிவிட்டுப் போங்கள்.

இப்படிக்கு,
பூ விவசாயி ஒருவர்,
ராயக்கோட்டை அருகில், கிருஷ்ணகிரி மாவட்டம்.