ஆல்கார்ட் பட்டறையின் பெயரும் பதிவாக வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு பாய்மரப் படகுகளைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். சன்ஃபிஷ் படகைப் பற்றிய பகுதியில், அதை உலகெங்கும் கொண்டு சேர்த்தது ஏஎம்எஃப் என்ற அமெரிக்கப் பெருநிறுவனம் என்று மட்டும் சொல்லப்பட்டிருந்தது. அது தவறன்று. ஆனால் அந்நிறுவனம் 1969-இல் விலைக்கு வாங்குவதற்கு முன்பு, இரண்டு நண்பர்கள் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் நடத்திவந்த ஆல்கார்ட் என்ற சிறு பட்டறையில்தான் அந்தப் படகு உருவாகி வளர்ந்தது. அந்தப் பட்டறையின் கதை விடுபட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

அலெக்சாண்டர் பிரயன், கார்ட்லண்ட் ஹேனிகர் ஆகிய இருவரும் 1945-இல் கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்பரியில், ஒரு மரக்கடையின் மேல்தளத்தில் இத்தொழிலைத் தொடங்கினார்கள். இருவர் பெயரின் முற்பகுதிகளையும் சேர்த்து நிறுவனத்துக்கு ஆல்கார்ட் என்று பெயரிட்டார்கள். வாட்டர்பரி கடலோர ஊர்கூட அல்ல. பித்தளைத் தொழிலுக்குப் பேர்போன உள்நாட்டு ஊர். செஞ்சிலுவைச் சங்கத்தின் உயிர்காப்புப் பணிக்கு உதவும்படி, உள்ளீடற்ற ஒரு மிதவைப் பலகையைச் செய்து தர முடியுமா என்று ஒருவர் வந்து கேட்டிருக்கிறார். அந்த வேலை கைகூடவில்லை என்றாலும், அதற்காக யோசித்த பலகையின்மேல் கேனோ என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகின் பாயைக் கட்டி ஓட்டிப் பார்த்தால் என்ன என்று இருவருக்கும் தோன்றியது. சேல்ஃபிஷ் என்ற படகு பிறந்தது அப்படித்தான்.

அதன் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பிற்காலச் சன்ஃபிஷ் படகின் சிறப்புகள் பலவும் அங்கேயே இருக்கின்றன. அதைக் கட்டியது ஒட்டுப்பலகையால் (பிளைவுட்). அது ஒரு திசையில் வளையும். கிண்ணம்போல் எல்லாத் திசையிலும் வளையாது. ஆகவே தட்டையான அடிப்புறமும், அது பக்கப் பலகையோடு சேரும் இடத்தில் கூர்மையான விளிம்பும் கொண்ட வடிவமே அவர்களுக்கு ஏற்றதாக இருந்தது. மேல்தளமும் மூடப்பட்டிருந்ததால், கவிழ்ந்தாலும் இறைத்து வெளியேற்றத் தண்ணீர் இராது. நீருக்குள் இறங்கும் நடுப்பலகையின்மேல் ஏறி நின்று அழுத்தினால் படகு நிமிர்ந்துவிடும். பாயோ முக்கோணப் பாய். அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்புறம், ஒன்றோடொன்று இணைந்த இரு பருமல்களில் (பாயைத் தாங்கும் கழிகளில்) கட்டப்பட்டு, ஒரே கயிற்றில் மேலேறி, இன்னொரு கயிற்றால் அடக்கப்படுவது. இழுத்துக் கட்டும் கம்பிகள் எதுவும் இல்லாமல் குட்டையான பாய்மரம் ஒரு துளையில் செருகி நிற்கும். பழக்கமில்லாதவர்கூடச் சிறிது நேரத்தில் பூட்டிவிடலாம். காரின் கூரைமேல் ஏற்றிச் செல்லவும் முடிந்தது.

இத்தகைய எளிய அமைப்பு என்பதால்தான், படகை முழுதாக மட்டுமன்றி, வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் மரப் பகுதிகளாகவும் ஆல்கார்ட் விற்க முடிந்தது. கடற்கரை மன்றங்களில் சேரும் வசதி இல்லாதவர்களுக்கும் பாய்மரப் படகு எட்டியது என்றால், என் கருத்தில் அதற்கு இந்த ஏற்பாடே முதற்காரணம். 1949-இல் அமெரிக்காவின் லைஃப் இதழ் சேல்ஃபிஷைப் பற்றிப் படங்களோடு எழுதியபின் பட்டறையின் பெயர் நாடெங்கும் பரவியது.

சேல்ஃபிஷில் கால் வைக்க இடமே இல்லை. தட்டையான பலகையின்மேல் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். பிரயனின் மனைவியும் தேர்ந்த படகோட்டியுமான அய்லீன் பிரயன் கருவுற்றிருந்த காலத்தில், இன்னும் அகலமாக, காலை இறக்கி வைக்க ஒரு பள்ளத்தோடு படகு வேண்டும் என்று கேட்டார். பட்டறையில் பணியாற்றிய கார்ல் மைனெல்ட் அந்தத் திருத்தத்தைச் சாக்கட்டியால் தரையிலேயே வரைந்து காட்டியதாகச் சொல்வார்கள். 1950-களின் தொடக்கத்தில் சன்ஃபிஷ் வெளிவந்தது. நீளம் ஏறத்தாழ 14 அடி, அகலம் 4 அடிக்குச் சற்று மேல், பாயின் பரப்பு 75 சதுர அடி. பாயில் இன்றும் காணப்படும் மீன் சின்னத்தை ஹேனிகர்தான் ஐந்து சென்ட் நாணயத்தை வைத்து வட்டமிட்டு வரைந்தார். வடிவமைப்பாளர் என்று ஒருவரை மட்டும் சுட்டும் வழக்கத்தால் அய்லீன், மைனெல்ட் போன்றவர்கள் மறைந்துபோகிறார்கள். இந்தப் படகைப் பொறுத்தவரை அது நியாயமாகாது.

1960 அளவில் ஃபைபர் கிளாஸில் படகை வார்க்கத் தொடங்கியதும் ஆல்கார்ட்தான், ஏஎம்எஃப் அன்று. எப்படியும் வளைக்கக்கூடிய பொருள் கைக்கு வந்தபிறகும், ஒட்டுப்பலகைக் காலத்து விளிம்பையும் தட்டையான அடிப்புறத்தையும் அவர்கள் கைவிடவில்லை. ஏஎம்எஃபுக்குப் பின் உரிமை பல கைகள் மாறியும், சன்ஃபிஷ் பந்தயச் சங்கத்தின் விதிகள் வடிவத்தைக் காத்ததால் படகு அடையாளம் இழக்கவில்லை. இதுவரை 3 லட்சத்துக்கும் மேற்பட்ட படகுகள் கட்டப்பட்டுள்ளன. 1995-இல் அமெரிக்கப் பாய்மரப் படகுகளின் புகழ்மண்டபத்தில் சன்ஃபிஷ் இடம்பெற்றது.

அந்தக் கட்டுரை நூல் வடிவம் பெறுமானாலோ, அதன் தொடர்ச்சி வெளியாகுமானாலோ, சன்ஃபிஷ் பகுதியில் ஆல்கார்ட் பெயரையும், பிரயன் தம்பதியர், ஹேனிகர், மைனெல்ட் ஆகியோரின் பங்கையும் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்