பொருள்: 1971 போரில் உயிர்நீத்த சாப்பரின் (ராணுவப் பொறியியல் படை வீரரின்) மனைவிக்கு நின்றுபோன குடும்ப ஓய்வூதியத்தை மீண்டும் வழங்கக் கோருதல்

அனுப்புநர்: அந்தச் சாப்பரின் மகள், அல்சூர், பெங்களூரு.
பெறுநர்: உயர் அலுவலர் அவர்கள், ஓய்வூதியப் பிரிவு, பெங்களூரு.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே பொருள் குறித்து ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் கொடுத்த மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. தாங்கள் தமிழ் அறிந்தவர், அல்சூர் ஏரிப்பக்கம் நன்கு பழகியவர் என்று கேள்விப்பட்டு, இம்முறை தமிழில் எழுதத் துணிந்தேன்.

1. என் தந்தை அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு மானாவாரிக் கிராமத்தைச் சேர்ந்தவர். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு, கிணறு வெட்டப் போனவர். பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேட்டு ரயிலேறி வந்து, அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில் சேர்ந்தார். பாலம் போடவும், குப்புறப் படுத்து, கம்பியை மண்ணில் சாய்வாகச் செருகிக் கண்ணிவெடி தேடவும் இங்கேதான் பயின்றார்.

2. 1971 டிசம்பர் 15 இரவு, மேற்குப் போர்முனையில், ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆற்றங்கரையில், நம் டாங்கிகள் கடக்கக் கண்ணிவெடிகளை அகற்றிப் பாதை திறந்தவர்களில் அவரும் ஒருவர். வேலை முடியும் முன்பே எதிரி டாங்கிகள் நெருங்குவதாகத் தகவல் வந்தது. நம் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் அப்படியே புகுந்து சென்றன. மறுநாள் அந்தப் படைப்பிரிவின் 21 வயது அதிகாரி அருண் கேத்தர்பால் போரிட்டு மடிந்து பரம்வீர் சக்ரா பெற்றதை நாடறியும். பாதை திறந்த என் தந்தை ஷெல் விழுந்து இறந்ததை எங்கள் வீடு அறியும். டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த மகிழ்ச்சி அடங்கும் முன்பே ஊருக்குத் தந்தி வந்தது. பின்னர் ஒரு தகரப் பெட்டி வந்தது. நான் அப்போது கைக்குழந்தை.

3. அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு பெங்களூருக்கே வந்தார். அந்த நாளில் ஓய்வூதியம் சொற்பம். அதனால் வீட்டில் உட்கார்ந்து ஊதுபத்தி உருட்டினார். கரி மாவுப் பசையைக் குச்சியில் வைத்துப் பலகையில் உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து, விரல் ரேகையே அழிந்துபோயிற்று. கட்டைவிரல் வழவழவென்று இருக்கிறது, ஐயா. நவம்பரில் உயிர்வாழ் சான்றுக்குக் கருவியில் விரல் வைத்தால் பொருந்தவில்லை என்கிறது. துடைத்து வை, அழுத்தி வை, அடுத்த விரலை வை என்கிறார்கள். பத்து விரலும் வைத்தாயிற்று. முகத்தைக் காட்டி இமைக்கச் சொன்னார்கள். புரை விழுந்த கண்ணோடு அவர் இமைத்ததையும் கேமரா ஏற்கவில்லை. எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர், பெயர் கேட்டால் சொல்கிறார், கணவரின் படை எண்ணைத் தடுமாறாமல் ஒப்பிக்கிறார். அவர் உயிரோடு இருக்கிறார் என்று ஒரு மனிதர் பார்த்துச் சொல்லக் கூடாதா?

4. டிசம்பரிலிருந்து பணம் வரவில்லை. மருந்துக் கடையில் கடன்.

5. அதிகாரி நேரில் பார்த்துக் கையொப்பமிட்ட காகிதச் சான்றும் செல்லும் என்று விதி இருக்கிறது. அதை எடுத்துச் சொன்னால் கவுண்டரில், "இப்போது எல்லாம் ஆன்லைன்" என்று ஜன்னலை மூடுகிறார்கள். மனுவுக்கு முத்திரை குத்தி ரசீது கொடுக்கத் தெரிகிறது, படிக்க மட்டும் ஆளில்லையா? கணவர் இறந்ததற்குத் தந்தி ஒன்றே போதுமாக இருந்தது. மனைவி இருப்பதற்கு எத்தனை சான்றுதான் வேண்டும்? வார்த்தை தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும், ஐயா. பெற்றவள் ஒவ்வொரு முறையும், "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று கேட்கும்போது பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே, தங்கள் அலுவலர் ஒருவரை வீட்டுக்கு அனுப்பி, அம்மாவைப் பார்த்துக் காகிதச் சான்றில் கையொப்பமிடச் செய்து, நின்றுபோன ஓய்வூதியத்தை நிலுவையுடன் வழங்க உத்தரவிடுமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன். மாடிப்படி ஏற முடியாதவரை மீண்டும் கவுண்டருக்கு அழைக்க வேண்டாம் என்றும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தயவுசெய்து இந்த மனுவையாவது படித்து நடவடிக்கை எடுங்கள்.

இணைப்பு: இறப்புத் தந்தி, ஓய்வூதிய ஆணை, முந்தைய மனுக்களின் ரசீதுகள் ஆகியவற்றின் நகல்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்