வரைந்தவன்மேல் பழி வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சோவியத் காலத்தில் மாஸ்கோவில் இருந்த வினிட்டே என்ற தொழில் வடிவமைப்பு நிலையம் பற்றித் தங்கள் ஞாயிறு மலரில் வந்த கட்டுரையைப் படித்தேன். யாரும் தொடாத விஷயம். கடைசிப் பத்தி மட்டும் இல்லாதிருந்தால் இது பாராட்டுக் கடிதமாக இருந்திருக்கும். 'விலைபோகாததை வரைந்துகொண்டிருந்தார்கள், சந்தை வந்ததும் காணாமல் போனார்கள்' என்று கட்டுரையாளர் ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார். என்ன சுலபம்!

1962இல் யூரி சொலோவியோவ் தலைமையில் தொடங்கிய நிலையம் அது. 1964இல் அவர்கள் உருவாக்கிய டாக்சியின் படத்தைத் தாங்களே போட்டிருக்கிறீர்கள். பக்கவாட்டில் நகரும் அகலக் கதவு, ஓட்டுநருக்கும் பயணிக்கும் நடுவே தடுப்பு. மாஸ்கோ தெருவில் ஓட்டியும் பார்த்தார்கள். ஆனால் தொழிற்சாலை எதுவும் அதை எடுத்துச் செய்யவில்லை. நிலையம் யோசனை சொல்லலாம், உத்தரவு போட முடியாது. தொழிற்சாலைக்கோ எண்ணிக்கைதான் இலக்கு. பொருளை வார்க்கும் அச்சை மாற்றினால் உற்பத்தி நிற்கும், போனஸ் போகும். பொருள் எப்படி இருந்தாலும் வரிசையில் நின்று வாங்க ஆள் இருக்கும்போது எதற்கு மெனக்கெட வேண்டும்? அப்புறம் சோவியத் ஒன்றியம் கலைந்து, 1992 ஜனவரியில் ரஷ்யாவில் விலைக் கட்டுப்பாட்டை அவிழ்த்துவிட்டார்கள். சம்பளம் கொடுக்கவே திண்டாடிய ஆலைகள் வடிவமைப்புக்கா செலவழிக்கும்? நிலையம் நடத்திய இதழும் அந்த ஆண்டோடு நின்றது. இதில் வரைந்தவன் செய்த குற்றம் என்ன என்று கட்டுரையாளரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

எங்கேயோ மாஸ்கோவில் நடந்ததற்கு இந்தக் கிழவனுக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று நினைப்பீர்கள். நான் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் டிராஃப்ட்ஸ்மேனாக, அதாவது வரைபடம் வரைபவனாக இருந்தவன். 1969இல் பினாங்கின் தீர்வையற்ற துறைமுக அந்தஸ்து போனது, வேலையில்லாமல் இளைஞர்கள் அலைந்தது, 1972இல் தடையற்ற வர்த்தக மண்டலம் வந்தது எல்லாம் தாங்கள் அறியாததல்ல. வேலை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் வரைபடம் மட்டும் வெளிநாட்டுத் தலைமையகத்திலிருந்து கப்பலேறி வந்துகொண்டே இருந்தது. ஒரு பெட்டியின் மூடிக் கொக்கி உற்பத்தி லைனில் நின்ற பெண்களின் கையில் உடைந்துகொண்டே இருந்ததால் நான் அதை மாற்றி வரைந்தேன். அதே கொக்கி பின்னால் தலைமையகத்தின் பெயரோடு புது வரைபடமாக எங்களுக்கே வந்தது. லைனைச் சம்பளம் குறைந்த நாட்டுக்கு மாற்றியபோது முதலில் பூட்டியது எங்கள் அறையைத்தான். 'நீங்கள் காலத்துக்கேற்ப மாறவில்லை' என்றார் மேலாளர். உங்கள் கட்டுரையாளருக்கு அவர் உறவோ என்னவோ.

தங்கள் பத்திரிகையும் சளைத்ததல்ல. 1985இல் மலேசியாவின் முதல் தேசியக் கார் புரோட்டோன் சாகா வந்தபோது முதல் பக்கத்தில் மத்தாப்பு கொளுத்தினீர்கள். அதன் அடிப்படை ஜப்பானின் மிட்சுபிஷி லான்சர் ஃபியோரே கார் என்பதை எந்தப் பக்கத்திலும் காணோம். உள்ளூரில் வரைகிறவர்களை வளர்க்க வேண்டும் என்று அப்போதே எழுதினேன், வெளிவரவில்லை. சரி, இடப் பற்றாக்குறை. எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வந்தால், 'டாக்டர் ஆவேன்' என்று சொல்லும் பிள்ளையின் படம்தான் போடுகிறீர்கள். பாலிடெக்னிக்கில் வடிவமைப்புப் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளை ஒன்றுகூடவா தங்கள் நிருபர் கண்ணில் படவில்லை? சினிமாவுக்கு மட்டும் நான்கு பக்கம் எங்கிருந்தோ கிடைத்துவிடுகிறது.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அந்த டாக்சிப் படத்தின் கீழே '1970களின் சோவியத் கார்' என்று போட்டிருக்கிறீர்கள். 1964, வினிட்டே, யூரி டல்மாத்தோவ்ஸ்கி குழுவினர் வடிவமைத்தது என்று அடுத்த ஞாயிறு ஒரு திருத்தம் போடுங்கள். இந்தக் கடிதத்தை வெட்டுவதென்றால் வெட்டிக்கொள்ளுங்கள், அந்தப் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிராஃப்ட்ஸ்மேன்,
பாயான் பாரு, பினாங்கு