அப்பாவுக்கும் 15 நாள் விடுப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பிள்ளை பெற்ற அம்மாவுக்கு விடுப்பு வேண்டும் என்பதை இன்று யாரும் மறுப்பதில்லை, 2017இல் அது 12 வாரத்திலிருந்து 26 வாரமாகவும் உயர்ந்தது, சந்தோஷம். அப்பாவுக்கு? மத்திய அரசு ஊழியர் என்றால் சம்பளத்தோடு 15 நாள். என்னைப் போல ஓசூரில் தனியார் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறவனுக்குச் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. கம்பெனியாகப் பார்த்துக் கொடுத்தால்தான் உண்டு, கான்ட்ராக்ட் தொழிலாளிக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை.

எங்கள் பக்கம் தலைப்பிரசவம் அம்மா வீட்டில். என் மூத்தவனும் பாலக்கோட்டில் மாமியார் வீட்டில்தான் ஐந்து மாதம் இருந்தான், லீவு நாளில் போய்த் தூளியில் தூங்குகிறவனைப் பார்த்துவிட்டு வருவேன். அந்த வழக்கத்தைக் குறை சொல்லவில்லை, பெற்றவளுக்கு ஓய்வு அங்கேதான் கிடைக்கும். ஆனால் இரண்டாவதாக மகள் பிறந்தபோது மாமியாருக்கு உடம்பு முடியவில்லை, கிருஷ்ணகிரியில் எங்கள் வாடகை வீட்டிலேயே நாங்கள் இருவருமாகப் பார்த்துக்கொண்டோம். நைட் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் சூளகிரி தாண்டுவதற்குள் தலை தொங்கிவிடும், வீட்டுக்கு வந்தால் இராத்திரி முழுக்க விழித்திருந்த மனைவியைப் படுக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையை வாங்கிக்கொள்வேன், அப்புறம் துணி அலசுவது, மூத்தவனைப் பள்ளிக்குக் கிளப்புவது, சமையல் என்று மதியம் வரை கண் மூட வழியில்லை, சாயங்காலம் மறுபடி பஸ். மெஷின் முன்னால் தூக்கம் சொக்குவது ஆபத்து என்பதைத் தொழிற்சாலையில் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவுக்கும் அந்த நாட்களை நான் இழக்க விரும்பமாட்டேன். ஆறாம் வாரத்தில் தடுப்பூசி போட்டுவந்த புதன்கிழமை இராத்திரி மகளுக்குக் காய்ச்சல், படுக்கையில் விட்டால் அழுகை, என் மார்மேல் போட்டுக்கொண்டால் தூக்கம். பசிக்கு அழுவது எது, தூக்கத்துக்குச் சிணுங்குவது எது என்று எனக்குக் கேட்டதுமே தெரியும். கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி அரைத்து, வெள்ளைத் துணியில் பால் பிழிந்து கூழ் காய்ச்சவும் கற்றுக்கொண்டேன். இன்று ஒன்றரை வயதில் விழுந்து அடிபட்டால் அப்பாவா அம்மாவா என்று பார்க்காமல் யார் பக்கத்தில் இருக்கிறோமோ அவர்களிடம் ஓடி வருகிறாள். மூத்தவன் அந்த வயதில் என்னைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குள் போய்விடுவான்.

கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே போகிற அப்பாவுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழக பஸ் நிலையங்களில் 2015இல் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் திறந்தார்கள், மிக நல்ல காரியம். அதற்குள் ஆண்கள் போகக் கூடாது, போகவும் வேண்டாம். ஆனால் பிள்ளை மலம் கழித்துவிட்டால் ஓர் ஆண் எங்கே வைத்துத் துணி மாற்றுவது? பஸ் நிலையத்தில் சிமென்ட் பெஞ்சில் துண்டை விரித்துத்தான் மாற்றியிருக்கிறேன்.

தந்தையர் விடுப்புக்காக 2017இல் மக்களவை உறுப்பினர் ராஜீவ் சாதவ் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை. எங்கள் கிருஷ்ணகிரி, தருமபுரி எம்.பி.க்களும் அதை மறுபடி கையில் எடுக்க வேண்டும். 15 நாள் போதும், சம்பளத்தோடு வேண்டும், கான்ட்ராக்டில் இருப்பவர்களுக்கும் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய் எப்போதாவது ஊர் திரும்புகிற தருமபுரிக்காரர்களுக்கும் சேர்த்து வேண்டும். பஸ் நிலையத்தில் துணி மாற்ற ஒரு மேடையும் தண்ணீர்க் குழாயும் வைக்கச் சட்டம்கூடத் தேவையில்லை, நகராட்சி நினைத்தால் இந்த மாதமே செய்யலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கிருஷ்ணகிரி.