ஊசிக்கு முன்னால் கூண்டு: கால்நடை மருத்துவக் கல்வியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழக நிர்வாகத்தினருக்கும் பேராசிரியர்களுக்கும்,

வணக்கம். சென்னைப் புறநகரில் சின்னதாக ஒரு கிளினிக் நடத்துகிறேன். நாய், பூனையோடு இப்போது கிரே பேரட் கிளி, கினிப் பன்றி, இக்வானா என்ற பெரிய பல்லி, பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு எல்லாம் வரிசையில் காத்திருக்கின்றன. ஐந்தரை ஆண்டுப் படிப்பின் கடைசியில் வரும் ஓராண்டு இன்டர்ன்ஷிப்பில் ஒரு முழு மாதத்தை இந்த அயல்நாட்டு உயிரினங்களுக்கு ஒதுக்குங்கள். அதில் முதல் இரண்டு வாரம் மாணவர்கள் ஊசியைத் தொடவே கூடாது. விலங்குகளைப் பராமரிக்கும் கீப்பருக்குக் கீழே நின்று கூண்டு கழுவட்டும், இரை நறுக்கட்டும், தினமும் எடை போட்டு எழுதட்டும்.

ஏன் என்றால், இவற்றுக்கு வரும் நோய்களில் பெரும்பாலானவை வளர்ப்பில் வரும் கோளாறுகள். ஒரு இக்வானாவைக் கொண்டுவருகிறார்கள். தொடை இரண்டும் புஷ்டியாக இருக்கிறது. "நல்லா கொழுகொழுன்னு இருக்கான் சார், ஆனா ஏற மாட்டேங்கறான்." தாடையை விரலால் அமுக்கினால் ரப்பர் மாதிரி வளைகிறது. அது கொழுப்பு இல்லை, சுண்ணாம்புச்சத்து இல்லாமல் எலும்பு கரைந்து வந்த வீக்கம். கால்சியம் கொடுத்து அனுப்பிவிடலாம். ஆனால் அந்தச் சத்து உடம்பில் சேர புற ஊதாக் கதிர் வேண்டும்; வீட்டுக் கூண்டில் அதைத் தரும் பல்பு மாறாவிட்டால் திரும்ப வந்து நிற்கும். யூவிபி என்ற இந்த பல்பு எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அதிலிருந்து வரும் புற ஊதாக் கதிர் குறைந்துபோகும். ஜன்னல் பக்கத்தில்தான் வைத்திருக்கிறோம் என்பார்கள். கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும். பல்பு எப்போது வாங்கியது என்ற கேள்வி, அதைத் தன் கையால் மாற்றியவனுக்குத்தான் முதலில் தோன்றும்.

அப்புறம், பிடிப்பது. பறவைக்கு உதரவிதானம் கிடையாது, நெஞ்சுக்கூடு அசைந்தால்தான் மூச்சு. பறந்துவிடுமோ என்று பயந்து இறுக்கிப் பிடித்தால் மேஜையிலேயே செத்துவிடும். முயலின் பின்பக்கத்தைத் தாங்காமல் தூக்கினால், ஒரு உதையில் தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும். லவ் பேர்ட்ஸ் என்று விற்கிறார்களே அந்த பட்ஜி, அதன் எடையே முப்பது, நாற்பது கிராம்தான். பரிசோதனைக்கு 0.3 மில்லி ரத்தம் எடுப்பதற்கே யோசிக்க வேண்டும். ஆமைக்கு ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆகாது, முயலுக்கு ஃபிப்ரோனில் என்ற உண்ணி மருந்து ஆகாது என்பதையெல்லாம் புத்தகத்தில் படித்துக்கொள்வார்கள். அதில் எனக்குக் கவலை இல்லை. எவ்வளவு இறுக்கலாம் என்பது விரலுக்குத்தான் தெரிய வேண்டும்.

இடத்துக்குப் பஞ்சமா? வண்டலூர் இருக்கிறது, கிண்டி பாம்புப் பண்ணை இருக்கிறது, 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணை இருக்கிறது. அங்கே பல வருடமாக வேலை செய்யும் கீப்பர்கள், பாம்பு இரையைத் தொடாமல் விட்டால் அது தோல் உரிக்கப்போவதாலா, நோயாலா என்று பார்த்தே சொல்வார்கள். அவர்களைப் பயிற்சியாளர்களாக அங்கீகரித்துச் சம்பளமும் கொடுங்கள். ஒரே கிளியை நாற்பது பேர் மாறி மாறிப் பிடிப்பதாக மட்டும் இது ஆகிவிடக் கூடாது. முதலில் கோழியைப் பிடித்துப் பழகட்டும், பிறகு இரண்டிரண்டு பேராக அனுப்பலாம்.

இதைச் சொல்லிக்கொடுத்தால் கடத்தலை ஊக்குவிப்பது ஆகாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஆகாது. 2024-இல் வந்த விதிகளின்படி பால் பைத்தான், இக்வானா, கிரே பேரட் வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். இவை வீடுகளில் இருக்கின்றன என்பதை அரசே ஒப்புக்கொண்டாயிற்று. பதிவுச் சான்று எங்கே என்று கேட்கவும் அந்த ஒரு மாதத்திலேயே பழக்கிவிடுங்கள். விமான நிலையத்தில் பெட்டிக்குள்ளிருந்து பிடிபடும் குட்டிகளுக்கும் யாராவது வைத்தியம் பார்த்துத்தானே ஆக வேண்டும்?

இடமும் நேரமும் தர என்னைப் போன்ற தனியார் மருத்துவர்களும் தயார். சனிக்கிழமைகளில் இரண்டு பேரை அனுப்பிப் பாருங்கள். பழைய துணி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு கால்நடை மருத்துவர், சென்னை